ஓசிஐ கார்டு: தாத்தாவின் பழைய பத்திரம் பேரனுக்கு ஏன் தேவைப்படுகிறது? ஆவணங்களைச் சேர்ப்பது எப்படி?

"பெரியப்பா, தாத்தா நம்ம ஊர்லதான் பொறந்தார்ங்கிறதுக்கு பேப்பர் ஏதாவது இருக்கா?"

"என்னப்பா திடீர்னு? அவர் போய்ச் சேர்ந்தே முப்பது வருஷம் ஆச்சே!"

"ஓசிஐ கார்டுக்கு கேக்குறாங்க பெரியப்பா. அது இல்லன்னா அப்ளிகேஷன் நிக்காதாம்."

மலேசியாவின் கிள்ளானில் இருந்து பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்துக்கு வரும் வாட்ஸ்அப் அழைப்பு இது. உரையாடல் கற்பனைதான். ஆனால் வெளிநாட்டில் சொந்தம் இருக்கும் பல வீடுகளில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும்.

ஓசிஐ கார்டுக்கு தகுதி இருக்கிறதா என்று பலரும் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். தகுதியும் இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்தத் தகுதியை காட்டும் காகிதம் எங்கே? அது பெரும்பாலும் விண்ணப்பிப்பவர் வாழும் நாட்டில் இருக்காது. தமிழ்நாட்டில் ஒரு பரணிலோ, டிரங்குப் பெட்டியிலோ, சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டிலோ இருக்கும்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? எங்கே தேடுவது? பெயர் பொருந்தாவிட்டால் என்ன செய்வது? விரிவாகப் பார்ப்போம்.

ஓசிஐ கார்டு என்றால் என்ன? அது குடியுரிமையா?

'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம்தான் ஓசிஐ. பெயரில் 'சிட்டிசன்' என்று இருந்தாலும் இது குடியுரிமை அல்ல. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி, ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால் அவருடைய இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது.

அப்படிப் போனவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் இந்தியாவோடு ஒரு சட்டபூர்வமான தொடர்பு வேண்டும் என்பதற்காக 2005-இல் சட்டத்தைத் திருத்தி ஓசிஐ திட்டம் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பு 1999-இல் தொடங்கிய பிஐஓ கார்டு என்ற திட்டம் இருந்தது. 2015 ஜனவரி 9-ஆம் தேதி அது ஓசிஐயுடன் இணைக்கப்பட்டது.

ஓசிஐ கார்டு இருந்தால் என்ன கிடைக்கும்?

வாழ்நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் இந்தியாவுக்கு வந்து போகலாம். ஒவ்வொரு முறையும் விசா எடுக்க வேண்டாம். எவ்வளவு நாள் தங்கினாலும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. வீடு, மனை வாங்கலாம். பொருளாதாரம், கல்வி தொடர்பான பல விஷயங்களில் என்ஆர்ஐ-க்களுக்கு உள்ள அதே வசதி உண்டு.

கிடைக்காதவை என்னென்ன? ஓட்டு போட முடியாது. தேர்தலில் நிற்க முடியாது. பொதுவாக அரசு வேலையும் கிடையாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் அப்பா, தாத்தா வழியில் வாரிசுரிமையாக வரும் நிலத்தைப் பெறலாம். 'ஓசிஐ வாங்கினால் பூர்வீக நிலம் போய்விடும்' என்று ஊரில் சொல்வதை நம்பி யாரும் பயப்பட வேண்டாம்.

பிள்ளைகளை இங்கே டாக்டருக்குப் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2021 மார்ச் 4 அறிவிக்கையின்படி, ஓசிஐ மாணவர்கள் நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளை எழுதலாம். ஆனால் என்ஆர்ஐ இடங்கள் அல்லது கூடுதல் இடங்களில் மட்டுமே சேர முடியும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமான இடங்களில் சேர முடியாது. அந்தத் தேதிக்கு முன்பே ஓசிஐ பெற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு இதைச் சொல்கிறது. இன்று வேறு நாட்டுக் குடிமகனாக இருக்கும் ஒருவர், கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்றில் வந்தால் விண்ணப்பிக்கலாம்.

ஒன்று, 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர்.

இரண்டு, 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகன் ஆகும் தகுதி இருந்தவர்.

மூன்று, 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவுடன் சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர். கோவா, சிக்கிம், நமக்கு மிக அருகில் புதுச்சேரி ஆகியவை இதில் வரும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் 1954-இல் இந்தியாவிடம் வந்தது. 1962-இல் அது சட்டப்படி முழுமையாக இணைந்தது.

நான்கு, மேலே சொன்னவர்களின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை.

இவை தவிர, இந்தியக் குடிமகன் அல்லது ஓசிஐ கார்டு வைத்திருப்பவரைத் திருமணம் செய்த வெளிநாட்டினரும் விண்ணப்பிக்கலாம். திருமணம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பு குறைந்தது 2 ஆண்டுகள் அந்தத் திருமணம் தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கும் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள சிறுவர்களுக்கும் தகுதி உண்டு.

விண்ணப்பதாரரோ, அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டியில் யாராவது ஒருவரோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தால் ஓசிஐ கிடைக்காது.

'தாத்தாவிடம் இந்திய பாஸ்போர்ட்டே இருந்ததில்லையே?'

மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தாத்தா 1930-களில் கப்பல் ஏறியிருப்பார். அப்போது இந்தியா என்ற சுதந்திர நாடே இல்லை. பிறகு அவர் திரும்பி வரவும் இல்லை. இந்தியக் குடிமகனாக ஒருநாளும் இருந்ததில்லை. அப்படியானால் பேரனுக்குத் தகுதி இல்லையா?

இருக்கிறது. மேலே சொன்ன இரண்டாவது வகை இவர்களுக்கானதுதான். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வரையறுத்த இந்தியாவில் ஒருவரோ, அவருடைய பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிறந்திருந்து, அவர் வெளிநாட்டில் வசித்து வந்திருந்தால், 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகன் ஆகும் தகுதி அவருக்கு இருந்ததாகக் கணக்கில் கொள்ளப்படும்.

அதனால் தாத்தாவிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்ததா என்பது இங்கே முடிவான கேள்வி அல்ல. அவர் இந்தியாவில் பிறந்தார் என்று காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. கிள்ளானில் இருந்து பெரியப்பாவுக்கு போன் வந்தது இதற்காகத்தான்.

ஆவணங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

இணையத்தில் கிடைக்கும் ஆவணப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் எளிது.

முதல் பகுதி, நீங்கள் யார் என்பது. தற்போதைய பாஸ்போர்ட், முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், போட்டோ, கையெழுத்து. பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும்.

இரண்டாவது பகுதி, வேர் இந்தியாவில் இருக்கிறது என்பது. உங்களுடையதோ, பெற்றோர், தாத்தா பாட்டி அல்லது கொள்ளுத் தாத்தா பாட்டியுடையதோ ஆன இந்திய பாஸ்போர்ட் நகல். அல்லது உரிய அதிகாரி கொடுத்த பிறப்பிட, இருப்பிடச் சான்று. அல்லது ஏற்கத்தக்க வேறு ஆதாரம்.

மூன்றாவது பகுதி, அந்த வேருக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள உறவு. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தாத்தாவின் சான்று கையில் இருக்கும். பேரனின் பாஸ்போர்ட்டும் இருக்கும். ஆனால் 'இவர் அவருடைய மகன்' என்று சொல்லும் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து கொள்ளுத் தாத்தா, தாத்தா, அப்பா, நான் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு இரண்டு பெயருக்கும் நடுவில் எந்த ஆவணம் அவர்களை இணைக்கிறது என்று குறியுங்கள். எங்கே இடம் காலியாக இருக்கிறதோ, அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது.

வெளிநாட்டுக் குடியுரிமை இப்போதுதான் வாங்கினேன். எனக்கு என்ன வேண்டும்?

ஆவணம் சேர்ப்பதில் சுலபமான நிலை இது. ரத்து செய்யப்பட்ட இந்திய பாஸ்போர்ட், சரண்டர் சான்றிதழ், புதிய நாட்டின் குடியுரிமைச் சான்றிதழ், புதிய பாஸ்போர்ட் ஆகியவை அடிப்படை.

இதில் சரண்டர் சான்றிதழ் முக்கியம். வேறு நாட்டுக் குடியுரிமை கிடைத்ததும் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். 'இன்னும் நாலு வருஷம் வேலிடிட்டி இருக்கே' என்று அதே பாஸ்போர்ட்டில் ஊருக்கு வந்து போவது சட்டப்படி தவறு. பிற்பாடு ஓசிஐ விண்ணப்பத்திலும் அது கேள்வியாக வரும்.

ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கிவிடுங்கள். ஆதார் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆதார் எண் குடியுரிமைக்கான சான்று அல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது.

வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு?

பெற்றோர் இருவரின் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம் பலரை மாட்டிவிடும். பிரிட்டனில் பிறப்புச் சான்றிதழ் இரண்டு வகையாகக் கிடைக்கும். சுருக்கமான சான்றிதழில் பெற்றோர் விவரம் இருக்காது. முழுமையான சான்றிதழைத்தான் வாங்க வேண்டும்.

அதோடு பெற்றோரின் பாஸ்போர்ட் அல்லது ஓசிஐ நகல், திருமணச் சான்றிதழ், பெற்றோரின் ஒப்புதல் ஆகியவை தேவை. கையெழுத்துப் போடத் தெரியாத சிறு குழந்தைக்கு கைரேகை வைக்கலாம்.

திருமணச் சான்றிதழா? கல்யாணப் பத்திரிகை போதாதா?

போதாது. மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணம் என்றாலும், பதிவு செய்யாவிட்டால் காகிதத்தில் அதற்கு மதிப்பு இல்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன்பு நடந்த பல திருமணங்களுக்கு அழைப்பிதழும் ஆல்பமும்தான் மிச்சம்.

வெளிநாட்டு மணமகளுக்கோ மணமகனுக்கோ ஓசிஐ வாங்க நினைப்பவர்கள் திருமணப் பதிவை முதல் வேலையாக முடிக்க வேண்டும். விவாகரத்து ஆனால், திருமணத்தின் அடிப்படையில் பெற்ற ஓசிஐயை அரசு ரத்து செய்ய முடியும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் காகிதத்தை தமிழ்நாட்டில் எங்கே தேடுவது?

இதுதான் கடினமான பகுதி. இருந்தாலும் வழிகள் இருக்கின்றன.

பிறப்புப் பதிவேடு: சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே பிறப்பு, இறப்புப் பதிவு இருந்தது. இப்போதைய மத்திய சட்டம் 1969-இல் வந்தது. அதனால் பழைய பதிவு இருக்க வாய்ப்பு உண்டு. நகரம் என்றால் மாநகராட்சி, நகராட்சியிலும், கிராமம் என்றால் தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். அந்தக் காலப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இல்லாமல், ஆணா பெண்ணா என்பதும் அப்பா பெயரும் தேதியும் மட்டும் இருப்பது சாதாரணம். 'பேர் இல்லையே' என்று அந்த நகலை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மற்ற ஆவணங்களோடு சேரும்போது அதற்கும் மதிப்பு உண்டு.

பதிவே இல்லை என்றால், 'பதிவேட்டில் இல்லை' என்ற சான்றை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்பதற்கு அது ஆதாரம். அதோடு மாற்று ஆவணங்களைக் கொடுப்பது எளிதாகும்.

பிறப்பிடச் சான்று: இதை தாசில்தார் வழங்குவார். உயிரோடு இருப்பவருக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இறந்துபோன தாத்தாவுக்காகக் கேட்கும்போது, கையில் இருக்கும் பழைய ஆதாரங்களோடு தாலுகா அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்து விளக்குவது நல்லது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். ஊரில் சொந்தம் ஒருவர் இருந்தால் இந்த இடத்தில் பெரிய உதவி. வெளிநாட்டில் இருந்துகொண்டு போனிலேயே இதை முடிப்பது கஷ்டம்.

நிலப் பத்திரம்: பலரும் யோசிக்காத பொக்கிஷம் இது. பழைய கிரயப் பத்திரத்தையோ பாகப்பிரிவினைப் பத்திரத்தையோ எடுத்துப் பாருங்கள். 'இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்றுதான் தொடங்கும். ஒரே வரியில் ஊர், அப்பா பெயர், மகன் பெயர் மூன்றும் வந்துவிடும். பாகப்பிரிவினை என்றால் அண்ணன் தம்பி எல்லோரும் இருப்பார்கள். 'மலாயாவில் இருக்கும்' என்று ஒரு மகனைப் பற்றி எழுதியிருந்தால் இன்னும் நல்லது. இது பிறப்பிடத்துக்கு நேரடிச் சான்று ஆகாது. ஆனால் உறவையும் ஊரையும் காட்ட வலுவான துணை ஆவணம். தாசில்தாரிடம் பிறப்பிடச் சான்று கேட்கும்போதும் இதைக் காட்டலாம். அசல் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

பள்ளி, வேலை ஆவணங்கள்: பழைய எஸ்எஸ்எல்சி புத்தகம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், அரசு வேலை பார்த்திருந்தால் பணிப்பதிவேடு, ஓய்வூதிய ஆணை. இவற்றில் பிறந்த தேதி, அப்பா பெயர், ஊர் ஆகியவை இருக்கும்.

வாரிசுச் சான்று: தாத்தா இறந்தபோது தாசில்தாரிடம் வாங்கியிருந்தால், அவருடைய பிள்ளைகள் பெயர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

போன நாட்டிலும் தேடுங்கள்: தாத்தா அங்கே குடியுரிமை வாங்கியபோது கொடுத்த விண்ணப்பம், அடையாள அட்டைப் பதிவு, இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் 'பிறந்த இடம்' என்ற கட்டம் இருக்கலாம். அதில் 'இந்தியா' என்று பதிவாகியிருந்தால் அது பெரிய உதவி.

இனிஷியல் செய்யும் கலாட்டா

தமிழர்களின் ஓசிஐ விண்ணப்பங்களில் தனியாகப் பேச வேண்டிய சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறும். நமக்கு இது இயல்பு. ஆனால் வெளிநாட்டுப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒருவர் அப்பா பெயரை எழுதியிருப்பார். அவருடைய தம்பி தன் பெயரையே இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பார். கடைசியில் அண்ணனும் தம்பியும் காகிதத்தில் வேறு வேறு குடும்பம் ஆகிவிடுவார்கள்.

அடுத்தது ஆங்கில எழுத்து. சண்முகம் என்ற பெயரை 'எஸ்' போட்டும் தொடங்கலாம், 'எஸ்ஹெச்' போட்டும் தொடங்கலாம். மூர்த்தியில் 'யு' ஒன்றா, 'ஓ' இரண்டா? கடைசியில் 'ஐ'யா, 'ஒய்'யா? தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் நான்கு பேர். போதாததற்கு, பிறப்புப் பதிவில் குலசாமி பெயர், பள்ளியில் ஒரு பெயர், தோட்டத்து செக்ரோலில் கங்காணி சொன்ன பெயர் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருந்த காலம் அது.

என்ன செய்யலாம்?

சின்ன வேறுபாடு என்றால், 'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று நோட்டரி முன்பு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, இரண்டு பெயரும் உள்ள ஆவணங்களை இணைத்துக் கொடுக்கலாம். உயிரோடு இருப்பவர் பெயரையே மாற்றியிருந்தால், தமிழ்நாடு அரசிதழில் வெளியான பெயர் மாற்ற அறிவிப்பு வலுவான ஆவணம். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையிடம் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், விண்ணப்பத்தில் பெயரை எழுதும் விதம். தற்போதைய பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். 'இதுதான் சரியான ஸ்பெல்லிங்' என்று நீங்களாகத் திருத்தாதீர்கள்.

நான்கு தலைமுறை என்ற எல்லை

சட்டம் கொள்ளுப்பேரனோடு நின்றுவிடுகிறது. இந்தியாவில் பிறந்தவரை முதல் தலைமுறையாகக் கணக்கிட்டால் நான்காவது தலைமுறை. அதற்கு அடுத்தவர்கள்?

இந்தக் கேள்வி தமிழர்களுக்கு முக்கியமானது. சென்னையில் இருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது. மொரீஷியஸுக்கு அதற்கும் முன்பே, 1834 முதல் ஆட்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். அவர்களின் வாரிசுகள் இன்று ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது தலைமுறையில் இருக்கிறார்கள்.

சில நாடுகளுக்கு இந்திய அரசு இந்த எல்லையைத் தளர்த்தியிருக்கிறது. சூரினாமில் உள்ள இந்திய வம்சாவளியினருக்கு ஆறாவது தலைமுறை வரை என்று 2023 ஜூனில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அறிவித்தார். மொரீஷியஸுக்கு ஏழாவது தலைமுறை வரை என்று 2024 மார்ச்சில் அவரே அறிவித்தார். டிரினிடாட் அண்ட் டொபாகோவுக்கு ஆறாவது தலைமுறை வரை என்று 2025 ஜூலையில் பிரதமர் மோடி அறிவித்தார்.

இந்த மூன்று நாடுகளுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. மூன்றும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் போன இடங்கள். ஒவ்வொரு தொழிலாளியின் பெயர், அப்பா பெயர், வயது, மாவட்டம், கிராமம் ஆகியவற்றை வெள்ளைக்காரர்கள் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். அடிமைத்தனத்துக்கு நிகரான ஒரு முறைக்காக எழுதப்பட்ட கணக்கு அது. இன்று அதே கணக்குதான் வாரிசுகளுக்கு வேரைக் காட்டும் ஆவணமாக நிற்கிறது. மொரீஷியஸில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் அந்தப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன.

மலாயாவுக்கும் இலங்கைக்கும் போன தமிழர்களில் பெரும் பகுதியினர் கங்காணி முறையில் போனவர்கள். ஊரில் இருந்து சொந்தபந்தமாக, ஒரு கங்காணியின் பின்னால் கிளம்பியவர்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இருந்தது போல தனித்தனி ஒப்பந்தம் அவர்களுக்கு இல்லை. அதனால் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு கப்பல் பதிவேட்டை விட ஊர்ப் பதிவேடும், வீட்டில் இருக்கும் காகிதமுமே அதிகம் கைகொடுக்கும். ஒரே மாநிலத்தில் இருந்து போன இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு ஆவணம் எளிதாகக் கிடைப்பதும், மற்றொன்று அலைவதும் இதனால்தான்.

விண்ணப்பிப்பது எப்படி? எவ்வளவு செலவாகும்?

மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஓசிஐ சேவை இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2025 மே மாதம் இந்தத் தளம் புதுப்பிக்கப்பட்டது. விண்ணப்பத்தில் ஏ, பி என இரண்டு பகுதிகள் இருக்கும். பூர்த்தி செய்து, ஆவணங்களைப் பதிவேற்றி, பிரிண்ட் எடுத்து, நீங்கள் வசிக்கும் பகுதிக்கான இந்தியத் தூதரகத்திலோ, அது நியமித்த சேவை மையத்திலோ கொடுக்க வேண்டும். சரிபார்க்க அசல் ஆவணங்களையும் கொண்டு போங்கள்.

வெளிநாட்டில் விண்ணப்பித்தால் கட்டணம் 275 அமெரிக்க டாலர், அல்லது அதற்கு இணையான உள்ளூர் பணம். இந்தியாவில் விண்ணப்பித்தால் 15,000 ரூபாய். சேவை மையக் கட்டணம் தனி. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. அதனால் சங்கிலி முழுமை ஆன பிறகு பணம் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

'பேப்பர் எல்லாம் நாங்க ரெடி பண்ணித் தர்றோம்'

இப்படிச் சொல்லும் ஏஜென்ட்களிடம் கவனம் தேவை. விண்ணப்பத்தை நிரப்ப உதவுவது வேறு, இல்லாத தாத்தாவை உருவாக்கிக் கொடுப்பது வேறு. மோசடி, பொய்த் தகவல், முக்கிய உண்மையை மறைத்தல் ஆகியவற்றின் மூலம் ஓசிஐ பெற்றது தெரிந்தால், சட்டத்தின் 7டி பிரிவின்படி கார்டை ரத்து செய்யலாம். எத்தனை வருடம் கழித்துத் தெரிந்தாலும் ஆபத்துதான். அப்போது இங்கே வாங்கிய வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே கேள்விக்குறி ஆகும்.

2025 ஆகஸ்டில் இன்னொரு விதியும் தெளிவாக்கப்பட்டது. 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவர்கள், 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானவர்கள் ஆகியோரின் ஓசிஐ பதிவையும் ரத்து செய்யலாம்.

கார்டு கிடைத்த பிறகு?

வேலை அதோடு முடிவதில்லை. 20 வயதுக்கு முன்பு ஓசிஐ பெற்றவர்கள், 20 வயது நிறைந்த பிறகு எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டோடு ஒருமுறை கார்டை மாற்ற வேண்டும். 20 வயதுக்கு முன்பு ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் மாறும்போதும், 50 வயது நிறைந்த பிறகு ஒருமுறையும், புதிய பாஸ்போர்ட் நகலையும் போட்டோவையும் 3 மாதத்துக்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

வெளிநாட்டில் இருப்பவர்கள், இணையதளத்தைத் திறப்பதற்கு முன்பு ஊருக்கு ஒரு போன் பண்ணுங்கள். தாத்தாவின் முழுப்பெயர், கூப்பிட்ட பெயர், அவருடைய அப்பா பெயர், அந்தக் காலத்தில் ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது ஆகிய நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாலுகா எல்லை பலமுறை மாறியிருக்கும். பழைய தாலுகா பெயர் தெரிந்தால்தான் பழைய பதிவேட்டைத் தேட முடியும். இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

ஊரில் இருப்பவர்கள், போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய பெட்டியில் இருக்கும் காகிதத்தை அப்படியே எரிக்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். செல்லரித்த பத்திரமாக இருந்தாலும் அதில் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். சான்றிட்ட நகல் எடுத்துவிடலாம்.

முதலில் சொன்ன அந்தப் பெரியப்பா பரணில் ஏறி ஒரு பத்திரத்தைக் கண்டுபிடித்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் போதாது. அந்த எண்ணோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். அதைக் காட்டி தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நடை ஆகும். மூட்டு வலியோடு அவர்தான் நடக்க வேண்டும். கார்டு கிள்ளானில் இருக்கும் தம்பி மகனுக்கு வரும்.